பாறைக்குப் பாலம் வந்தாச்சு, கரைக்கு என்ன வந்தது?

தெக்குத்தெரு:
எங்கள் கன்னியாகுமரி வீட்டு மொட்டைமாடியில் நின்றால் விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் நேர் எதிரே தெரியும். ராத்திரி விளக்கு போட்டால் அந்த வெளிச்சம் எங்கள் சமையலறைச் சுவரில் விழும். அம்மாவுக்கு 68 வயது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து 45 வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை. போன வாரம் மதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர் "கண்ணாடிப் பாலம் எப்படி அத்தை?" என்று கேட்டார். "டிவியில பார்த்தேன், கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு அம்மா கிழங்கு வேகவைக்கப் போய்விட்டார்.

2024 டிசம்பர் 30-ல் இந்த இரண்டு பாறைகளையும் இணைக்கிற பாலத்தைத் திறந்தார்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய். முன்பெல்லாம் கடலில் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் பாறைக்குப் படகு அணைய முடியாது. வெளியூர்க்காரர்கள் விவேகானந்தர் பாறையோடு திரும்புவார்கள். இப்போது நடந்தே போகலாம். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பாறைக்கு எதிரே, கரையில் குடியிருக்கிறவர்களுக்கு ஊர் எப்படி இருக்கிறது? பஸ், ஆஸ்பத்திரி, ஆபீஸ், கடை, வீட்டு வாடகை என்று எதைப் பற்றியும் எழுதுங்கள். மாவட்டத்தில் மற்ற இடத்துக்காரர்களும் சொல்லலாம். கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

என் பங்குக்கு ஒன்று. சீசன் நாட்களில் எங்கள் வாசலை மறித்து வேனை நிறுத்திவிட்டு சூரிய உதயம் பார்க்கப் போய்விடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை என்றால், நாலு மணிக்கே எழுந்து பைக்கை முக்குரோட்டில் கொண்டு நிறுத்த வேண்டும். இது என்ன வாழ்க்கை?

ரசவடை:
அதெல்லாம் இருக்கட்டும். 45 வருஷமாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதது யார் குற்றம்? அரசாங்கமா?

தெக்குத்தெரு:
எனக்கு வயது 41 தான் அண்ணாச்சி. மீதி நாலு வருஷத்துக்கு அப்பாவைக் கேளுங்கள்.

சங்குக்கடை:
நான் கடற்கரையில் கடை வைத்திருப்பவன். சங்கு, சோழி மாலை, பாசி, கலர் மணல் பாக்கெட். எங்களைத் திட்டுகிறவர்கள் முதலில் கணக்கைக் கேளுங்கள்.

கார்த்திகை ஒன்றாம் தேதி சாமிமார் மாலை போட்டதிலிருந்து தை மாதம் வரைக்கும்தான் எங்களுக்குக் கல்லா. சுமார் 60 நாள். அதற்கப்புறம் சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூட லீவுக் கூட்டம் கொஞ்சம். ஆனி, ஆடியில் காற்றும் மழையும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டல்லவா, எங்களுக்கு அது இரண்டு தடவை கடையை மூடிவைக்கிற காலம். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். படகு நின்றால் அன்றைக்கு வந்த ஆள் ஒரு டீ குடித்துவிட்டு சுசீந்திரத்துக்கோ பத்மநாபபுரத்துக்கோ வண்டியைத் திருப்பிவிடுவார். பாறைக்குப் போய் வருகிற ஆள்தான் இரண்டு மணி நேரம் இங்கே சுற்றுவார், பிள்ளை அழும், ஏதாவது வாங்குவார்.

அந்தப் பாலம் எனக்குச் சோறு போடுகிறது. போன வருஷம் இருந்ததைவிடக் கூட்டம் அதிகம் என்று என் கண்ணுக்குத் தெரிகிறது. தெக்குத்தெருக்காரருக்கு வாசலில் வேன் நிற்பது கஷ்டம்தான். எனக்கு அந்த வேனில் வந்தவர்தான் வருமானம்.

தெக்குத்தெரு:
நியாயம்தான் அண்ணாச்சி. ஆனால் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் வாங்குவதற்கும் அதே கணக்கா? எனக்கே நடந்தது. உள்ளூர்க்காரன் என்று தெரிந்ததும் "ஐயோ அண்ணே, தெரியாம சொல்லிட்டேன்" என்று ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அப்படியென்றால் வெளியூர்க்காரருக்குத் தனி விலைதானே? நாமும் பழனிக்கோ ஊட்டிக்கோ போகும்போது வெளியூர்க்காரர்கள்தான்.

சங்குக்கடை:
நான் பாட்டில் விற்கவில்லை. சங்குக்கு எம்.ஆர்.பி. கிடையாது. பேரம் பேசத் தெரிந்தவர் பேசுகிறார். யாரோ செய்ததற்கு எல்லாரையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

ரசவடை:
அண்ணாச்சி, அந்தக் கலர் மணலில் எந்தக் கலர் சாயம், எந்தக் கலர் அசல் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். 20 வருஷமாகச் சந்தேகம்.

சங்குக்கடை:
கறுப்பும் சிவப்பும் நம் கடற்கரை மணலிலேயே உண்டு. இல்மனைட், கார்னெட் என்று படித்தவர்கள் சொல்வார்கள். பச்சையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

மட்டுறுத்துநர்:
பச்சை மணல் விவாதம் இத்தோடு போதும். விலை பற்றிப் புகார் உள்ளவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். அச்சடித்த விலைக்கு மேல் வாங்கினால் தொழிலாளர் துறையில் உள்ள முத்திரை ஆய்வாளரிடமும் புகார் கொடுக்கலாம். பில் வாங்கி வையுங்கள்.

வள்ளம்:
பில்லா? ஐஸ்காரனிடம் பில் கேட்டால் சிரிப்பான்.

நான் வாவத்துறைப் பக்கம். படகுத்துறைக்குப் பக்கத்தில்தான் வீடு. கண்ணாடிப் பாலத்தைப் பற்றி எனக்கு நல்லதோ கெட்டதோ சொல்ல ஒன்றுமில்லை, தொழிலுக்குப் போகும்போது தூரத்தில் தெரியும், அவ்வளவுதான். எங்கள் கரைகளில் கேட்பது தூண்டில் வளைவு, அதாவது அலை கரையை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் சுவர். இந்த மாவட்டத்தில் எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் அதையே கேட்பார்கள். ஒரு ஊரில் போட்டால் அலை அடுத்த ஊரைத் தின்னும், அப்புறம் அவர்கள் கேட்பார்கள். அதை யார் உட்கார்ந்து மொத்தமாகக் கணக்குப் போடுவது என்பதுதான் பிரச்சினை. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது மந்திரிகள் எல்லாரும் இந்த மணலில் நடந்தார்கள். அப்புறம் மணலே இல்லாமல் போன ஊர்களும் உண்டு.

இன்னொன்றும் சொல்கிறேன், ஹோட்டலில் மீன் விலையைப் பார்த்துக் கத்துகிறவர்களுக்காக. நம் மாவட்டத்துக்கு விசைப்படகுத் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதாவது ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு போகாது. அந்த நாட்களில் எங்கள் வள்ளத்தில் வருகிற சாளையும் நெத்திலியும்தான் கரைக்கு மீன். அப்போது வந்து உட்கார்ந்து நெய்மீன் வறுவல் என்ன விலை என்று கேட்டால், கேட்கிற விலைதான்.

பிச்சிவெள்ளை:
இது எனக்குத் தெரியாது! 12 வருஷமாக மேல்புறத்தில் இருக்கிறேன். மீன்காரம்மா ஒவ்வொரு ஜூன் மாதமும் "தடை பிள்ளே, தடை" என்பார். பொய் சொல்லி விலை ஏற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம்.

வள்ளம்:
அடுத்த தடவை பேரம் பேசாமல் வாங்குங்கள் அக்கா.

ஓய்வு வாத்தியார்:
சேவைகள் பற்றிய இழையில் ரயிலைப் பற்றி யாரும் பேசாதது ஆச்சரியம். 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்காக உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது. அதே வருஷம் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் உருவாயிற்று. நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அதில் சேர்ந்தன. இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. மாவட்டம் ஒரு மாநிலத்தில், ரயில் நிர்வாகம் அடுத்த மாநிலத் தலைநகரில். மதுரைக் கோட்டத்தோடு சேருங்கள் என்று எத்தனை மனு! நானே இரண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கேரளத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. என் முதுகு வலிக்கு மருந்து தருகிற வைத்தியர் நெய்யாற்றின்கரையில்தான் இருக்கிறார். ஆனால் ஒரு கோட்டத்துக்கு அதன் கடைசி நுனி எப்போதும் கடைசி நுனிதானே.

ரசவடை:
சார், அசாமில் உள்ள திப்ரூகருக்கு நம் ஊரிலிருந்து ஒரே ரயில், 4,000 கிலோமீட்டருக்கு மேல், இந்தியாவிலேயே நீளமான ஓட்டம். அங்கே போய் மூன்று நாள் கழித்து இறங்குகிறவனுக்குக் கவலை இல்லை. ராத்திரி பத்தரைக்குக் கன்னியாகுமரி ஸ்டேஷனில் இறங்கி, கொட்டாரம் போகிறவன்தான் ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டும்.

பிச்சிவெள்ளை:
எல்லாரும் குறையாகவே சொல்கிறீர்கள், நான் இரண்டு நல்லது சொல்கிறேன்.

பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குச் சீட்டு காசில்லை. நான் மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போகும். இப்போது அந்தக் காசில் மகளுக்கு டியூஷன். எக்ஸ்பிரஸில் இது செல்லாது, அதனால் சாதாரண பஸ் வருகிறவரை நிற்கத்தான் வேண்டும். வந்தால் மூச்சு விட இடமிருக்காது. ஆனாலும் கை நீட்டிக் காசு கொடுக்காமல் ஏறுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அது ஆண்களுக்குப் புரியாது.

அடுத்தது ஆசாரிபள்ளம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். என் மாமியாருக்கு அங்கேதான் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் நடந்தது. வெளியே செய்திருந்தால் வீட்டை விற்றிருப்போம். அங்கிருந்த ஒரு நர்ஸ் அக்கா மாமியாரை "எம்மோ" என்றுதான் கூப்பிடுவார். மாமியார் போன பிறகு நான் போய்ச் சொன்னபோது அவரும் அழுதார்.

குறை சொல்ல வேண்டுமென்றால் பட்டா. ஆன்லைனில் விண்ணப்பித்தால் வேலை சுலபம் என்று சொன்னார்கள். விண்ணப்பித்தேன். "ஆவணம் தெளிவாக இல்லை" என்று நிராகரித்தார்கள். தெளிவாக ஸ்கேன் செய்து திரும்பப் போட்டேன். அதே பதில். நேரில் போனால் "நீங்க ஆன்லைன்லதான் போடணும்" என்றார்கள். அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை, இன்னும் அங்கே எனக்கு வேலை இருக்கிறது. கடைசியில் முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிய பிறகு கோப்பு நகர்ந்தது. முதல் தடவையே நகர்ந்திருக்கலாம் அல்லவா?

உப்புக்காற்று:
நான் ஏ.சி., ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். இந்த ஊரில் எனக்கு வேலை கொடுப்பது உப்பு. கடற்கரை லாட்ஜ்களில் ஏ.சி. வெளி யூனிட்டின் காயில் சுருள், கடலைவிட்டுத் தள்ளியுள்ள ஊர்களில் ஓடுகிற வருஷத்தில் பாதிகூட ஓடாது. கேட், ஜன்னல் கம்பி, பைக் செயின், துணிக்கொடிக் கம்பி எல்லாம் துருதான்.

அந்தப் பாலத்தைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றியது, இதை யார் துடைப்பார்கள் என்பதுதான். வள்ளுவர் சிலை கருங்கல், அதற்கே சில வருஷத்துக்கு ஒருமுறை பராமரிப்பு உண்டு. சாரம் கட்டி, கழுவி, காகிதக்கூழை அப்பி, கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுத்து, பிறகு ரசாயனம் பூசுவார்கள். 133 அடிக்கும். அது நடக்கிற மாதங்களில் சிலைக்கு ஆளை விடமாட்டார்கள், வெளியூர்க்காரர்கள் திட்டுவார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்வதால்தான் 2000-ல் திறந்த சிலை இன்றும் நேற்று வைத்ததுபோல நிற்கிறது.

நான் சொல்ல வருவது, நம் அரசாங்கத்துக்குப் பராமரிக்கத் தெரியாது என்பது பொய். சிலைக்குச் செய்கிறார்களே. அதே ஊரில் பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்தால் மாதக்கணக்கில் கயிறு கட்டியிருக்கும். கடற்கரைத் தெருவிளக்குக் கம்பத்தின் அடி அரித்துப் போனால் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கும். தாழ்ப்பாளுக்கு யாரும் திறப்பு விழா வைக்க மாட்டார்கள், அதனால்தானோ என்னவோ.

தெக்குத்தெரு:
இதைத்தான் அண்ணே நான் சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை.

வீட்டு வாடகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது 14 குடும்பம். இப்போது 6. மற்ற வீடுகள் எல்லாம் அறை அறையாகத் தடுத்து நாள் வாடகைக்குப் போய்விட்டன. சீசனில் ஒரு ராத்திரிக்குக் கிடைப்பதை ஒரு குடும்பம் மாதம் முழுவதுக்கும் கொடுக்காது, அதனால் வீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் கல்யாணமான பிள்ளைகள் எல்லாம் கொட்டாரம், அஞ்சுகிராமம் என்று போய்விடுகிறார்கள். எங்கள் தெருவில் தைப்பொங்கலுக்குக் கோலம் போட ஆள் குறைந்துவிட்டது. லாட்ஜ் வாசலில் ஸ்டிக்கர் கோலம்.

மணவை துபாய்:
லீவுக்கு வந்திருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. துபாயில் எல்லாம் பளபளப்பு, ஆனால் பக்கத்து வீட்டில் யார் என்று ஒன்பது வருஷமாகத் தெரியாது. இங்கே மணவாளக்குறிச்சியில் இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் நாலு பேர் சம்பளத்தைக் கேட்டுவிட்டார்கள். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊர் மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விலை ஏறிவிட்டது என்று மட்டும் அம்மா புலம்புகிறார்.

ஓய்வு வாத்தியார்:
தெக்குத்தெரு தம்பி, அம்மாவைக் கூட்டிப் போவதாக உத்தேசம் உண்டா, இல்லையா?

தெக்குத்தெரு:
உண்டு சார். முழங்கால் வலி. வரிசையில் நிற்க முடியாது. அதுதான் தயக்கம்.

சங்குக்கடை:
இதை என்னிடம் கேட்டிருக்கலாமே. சாமிமார் கூட்டம் போய், பள்ளிக்கூடப் பரீட்சை தொடங்குகிற நாட்கள், மாசி, பங்குனி. அதிலும் செவ்வாய், புதன். சீட்டு எட்டு மணிக்குத் தொடங்கும், ஏழரைக்கே போய்விடுங்கள். சாதாரணச் சீட்டு, சிறப்புச் சீட்டு என்று இரண்டு வரிசை உண்டு, அம்மாவுக்காகச் சிறப்பையே எடுங்கள், காசைப் பார்க்காதீர்கள். பாறையில் மண்டபத்துக்குத் தனிக் கட்டணம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் உள்வாங்கும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

உப்புக்காற்று:
வெயிலில் பாறை சுடும். செருப்பைக் கழற்ற வேண்டிய இடம் வரும். அம்மாவுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.

வள்ளம்:
படகில் ஏறும்போது அலை தூக்குகிற நேரம் பார்த்து ஏறச் சொல்லுங்கள். தாழும்போது கால் வைத்தால் முழங்கால் போச்சு. கை கொடுக்க ஆள் இருப்பார்கள், கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தெக்குத்தெரு:
போய்விட்டு வந்துவிட்டோம். புதன்கிழமை. கூட்டமே இல்லை. வள்ளம் அண்ணன் சொன்னபடி அலை தூக்கும்போது ஏறினார். கை கொடுத்த ஊழியரிடம் "நீ யாரு பேரன்?" என்று விசாரித்தார். தெரிந்த வீட்டுப் பிள்ளையாகத்தான் இருந்தான்.

கண்ணாடிப் பாலத்தில் முதல் பத்தடி என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கீழே அலை அடிப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டு அவர்பாட்டுக்கு நடந்தார். பக்கத்தில் வடநாட்டுக்காரப் பெண்ணொருத்தி பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அம்மாதான் தமிழில் தைரியம் சொல்லி இந்தப் பக்கம் கூட்டி வந்தார். வள்ளுவர் பீடத்தில் படியேற முழங்கால் விடவில்லை. கீழேயே உட்கார்ந்து கரையைப் பார்த்தார். மாதா கோவில் கோபுரம், காந்தி மண்டபம், லாட்ஜ்கள் என்று ஒவ்வொன்றாக விரலால் காட்டி எங்கள் வீட்டைத் தேடினார். கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

"எல, மொட்டைமாடியில என் சிவப்புச் சேலை தெரியுது பாரு. கிளிப்பு போடாம வந்துட்டேன். காத்து இந்த அடி அடிக்குது, அடுத்த படகுலயே போயிருவோம்."

ரசவடை:
சேலை இருந்ததா?

தெக்குத்தெரு:
பக்கத்து லாட்ஜின் ஏ.சி. வெளி யூனிட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. முழுக்கத் துருக்கறை. உப்புக்காற்று அண்ணே, அது எதைப் போட்டால் போகும்?